கொலோலோவில் இரண்டு ஓட்டங்கள்

16 வயதுப் பையன் ஒருவர் தங்கம் வென்றார். அதே புல்வெளியில், அதே நாளில், 20 வயது இளைஞர் ஒருவர் கால் தள்ளாடி 30வது இடத்துக்குச் சரிந்தார். ஜூனியர் கிராஸ் கன்ட்ரியில் கிடைக்கும் பட்டத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள கொலோலோ மைதானம் ஓட்டப்பந்தயத்துக்காக உருவானதல்ல. 1962 அக்டோபர் 9ல் அந்த நாடு சுதந்திரம் பெற்றபோது பிரிட்டிஷ் கொடியை இறக்கிச் சொந்தக் கொடியை ஏற்றிய இடம் அது. அணிவகுப்பும் அரசு விழாவும்தான் அதன் வழக்கமான வேலை. 2017 மார்ச் 26 ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானம் வேறொன்றுக்குத் தயாரானது. உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப். மேடும் பள்ளமுமாக அமைத்த பாதை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நெருக்கியடித்த கூட்டம்.

ஜூனியர் ஆண்களுக்கு 8 கி.மீ. ஓட்டம். உகாண்டாவின் நம்பிக்கை, எல்கன் மலைச் சரிவில் உள்ள புக்வோ வட்டாரத்திலிருந்து வந்த ஜேக்கப் கிப்லிமோ. வயது 16. முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் ஓடியபோது அவருக்கு 15 வயதுதான். அதே ஆண்டு உலக ஜூனியர் தடகளத்தில் 10,000 மீட்டரில் வெண்கலமும் வாங்கியிருந்தார். எனவே கொலோலோவில் அவரை யாரும் குழந்தையாக நினைக்கவில்லை. எத்தியோப்பியாவின் அம்டெவொர்க் வாலெலென் கடைசி வரை விடாமல் துரத்தினார். முடிவில் 22 நிமிடம் 40 விநாடியில் கிப்லிமோ கோட்டைத் தாண்ட, வாலெலென் மூன்றே விநாடி பின்னால். கென்யாவின் ரிச்சர்ட் யேட்டர் மூன்றாவது. உலக கிராஸ் கன்ட்ரியில் உகாண்டா அதுவரை தங்கத்தைத் தொட்டதில்லை. அன்று தொட்டது.

மைதானத்துக்கு அது போதவில்லை. சீனியர் ஆண்களின் 10 கி.மீ. ஓட்டம் மீதமிருந்தது. அதில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் இருந்தார். 2014ல் அமெரிக்காவின் யூஜீனில் 10,000 மீட்டர் உலக ஜூனியர் பட்டம் வென்றவர். சொந்த மண், சொந்தக் கூட்டம். செப்டெகெய் முன்னே பாய்ந்தார். கென்யாவின் ஜெப்ரி கம்வொரோரை நன்றாகவே பின்னுக்குத் தள்ளினார். கடைசிச் சுற்று தொடங்கியபோது இரண்டாவது தங்கமும் கைக்கு வந்துவிட்டதாகவே கூட்டம் நினைத்தது. திடீரென்று அவர் கால்கள் வேறு யாருடைய கால்களையோ போல ஆயின. தோள் சாய்ந்தது. அடி குறுகியது. கம்வொரோர் கடந்து போனார். அடுத்தவர் போனார். அதற்கடுத்தவர், அதற்கும் அடுத்தவர். சற்று முன் காது கிழியக் கத்திய கூட்டம் வாயடைத்து நின்றது. பாதையை விட்டு விலகாமல், ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத ஏதோ ஒன்றால் எல்லையை அடைந்தார் செப்டெகெய். இடம், 30.

தடகளத்தில் இது போன்ற சரிவு புதிதல்ல. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரியில் கொளுத்தும் வெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் ஓட்டத்தை முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி எதுவும் நடக்காதது போல ஜெயித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் பாதையோரம் சுருண்டு விழுந்தார்கள். அத்துடன் ஒலிம்பிக் அமைப்பாளர்கள் கிராஸ் கன்ட்ரிக்கு முழுக்குப் போட்டார்கள். 2024ல் அதே பாரீசில் கலப்பு அஞ்சல் ஓட்டமாகவாவது அதைத் திரும்பக் கொண்டுவர உலகத் தடகள அமைப்பு கேட்டுப் பார்த்தது. ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. 2007ல் கென்யாவின் மொம்பாசாவில் கடற்கரைப் புழுக்கத்தில் நடந்த உலகப் போட்டியில், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாத எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே கடைசிச் சுற்றில் பாதையை விட்டே வெளியேறினார். உடம்பு எப்போது கணக்கை முடிக்கும் என்று ஓடுகிறவருக்கே தெரியாத விளையாட்டு இது.

அதைப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களிடம் கொடுப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

விளையாட்டின் வேர் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் இருக்கிறது. ‘முயல்’களாக இருவர் முன்னே காகிதத் துண்டுகளைச் சிதறிக்கொண்டே ஓடுவார்கள். ‘வேட்டை நாய்’களாக மற்ற மாணவர்கள் வேலி தாண்டி, ஓடை தாண்டி, உழுத வயலில் சறுக்கிக்கொண்டு துரத்துவார்கள். பிரிட்டனின் பல ஓட்டக் குழுக்களின் பெயரில் இன்றும் முயல் வேட்டை நாயைக் குறிக்கும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். 1903ல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டனில், குதிரைப் பந்தய மைதானத்தில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் மோதிக்கொண்டன. இங்கிலாந்தின் ஆல்பிரட் ஷ்ரப் வென்றார். அந்தக் குடும்பச் சண்டை நாளடைவில் பிரான்ஸ், பெல்ஜியம் என்று பரவி, 1973ல் பெல்ஜியத்தின் வாரகெம் நகரில் சர்வதேசத் தடகள சம்மேளனத்தின் அதிகாரபூர்வ உலகப் போட்டியாக மாறியது. ஜூனியர் ஆண்கள் ஓட்டம் அந்த முதல் ஆண்டிலிருந்தே உண்டு. ஜூனியர் பெண்கள் 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜூனியர் என்றால் அந்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று 20 வயது நிரம்பாதவர். தூரம் ஏறத்தாழ 8 கி.மீ. ‘ஏறத்தாழ’ என்ற சொல் இங்கே முக்கியம். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடம் பூங்கா, மறு வருடம் குதிரைப் பந்தய மைதானம். 2013ல் போலந்தின் பிட்கோஷ் நகரில் பனிப் பாளத்தின் மேல் ஓடினார்கள். 2019ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு அருங்காட்சியகத்தின் புல் முளைத்த சாய்வுக் கூரைமீதே பாதை ஏறி இறங்கியது. அதனால் கிராஸ் கன்ட்ரியில் உலக சாதனை என்ற பேச்சே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்து ஓட முடியாது. பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

தொடக்கமே ஒரு சிறிய கலவரம். அகன்ற கோட்டில் நூறு பேர் வரை வரிசையாக நிற்பார்கள். சில நூறு மீட்டரில் பாதை குறுகிவிடும். அதற்குள் முன்னே போகாதவன் கூட்டத்தில் மாட்டிக்கொள்வான். முழங்கை இடிக்கும், ஆணிக் காலணி கணுக்காலைக் கீறும், தடுக்கி விழுந்தால் பின்னால் வருபவர்கள் மேலே தாவிப் போவார்கள். அதனால் முதல் கி.மீ. பைத்தியக்கார வேகத்தில் போகும். அதற்கான விலையை ஆறாவது, ஏழாவது கி.மீ.யில் கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவனுக்கு இந்தக் கணக்கு தெரியும். பதினாறு வயதுக்குத் தெரியாது. கால் வலிமைதான் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இது தனிநபர் ஓட்டம் மட்டுமல்ல, குழு ஓட்டமும்கூட. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடினால் முதல் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த புள்ளி பெற்ற நாடு ஜெயிக்கும். 1, 2, 3, 4 என்று நால்வரும் வரிசையாக வந்தால் 10 புள்ளி. அதற்குக் கீழே போக முடியாது. எனவே பத்தாவது இடத்தில் வருபவனுக்கும் ஓடக் காரணம் இருக்கிறது. முன்னால் ஒருவனைப் பிடித்தால் நாட்டுக்கு ஒரு புள்ளி மிச்சம். பதக்கம் எட்டாத பையன்கள்கூடக் கடைசி நூறு மீட்டரில் உயிரைக் கொடுத்து ஓடுவது இதனால்தான்.

முதல் ஜூனியர் சாம்பியன் ஸ்காட்லாந்தின் ஜிம் பிரவுன். அடுத்த நான்கு ஆண்டுகள், 1974 முதல் 1977 வரை, பட்டம் அமெரிக்காவுக்கே போனது. பிறகு இங்கிலாந்து, பெல்ஜியம், ஸ்பெயின். 1981ல் துனீசியா வந்தது. 1982லும் 1983லும் எத்தியோப்பியா. 1984ல் ஸ்பெயின் ஒரு முறை பட்டத்தைத் திரும்பப் பிடித்தது. அதோடு சரி. 1985ல் கென்யாவின் கிமெலி கிப்கெம்போய் வென்ற பிறகு 2024 வரை ஆப்பிரிக்கா அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2001ல் அமெரிக்காவின் டேதன் ரிட்சென்ஹைன் மூன்றாவதாக வந்ததே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

ஏன் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில், உயரம். கென்யாவின் இடென் சுமார் 2,400 மீட்டர், எத்தியோப்பியாவின் பெகோஜி சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. உடம்பு சிவப்பணுக்களை அதிகமாகத் தயாரித்து ஈடுகட்டும். உண்மைதான். ஆனால் உயரம் மட்டுமே போதுமென்றால் லடாக்கிலிருந்து நமக்கு ஆண்டுக்கு நான்கு சாம்பியன்கள் கிடைத்திருக்க வேண்டும். இடெனில் உயரத்தோடு செயின்ட் பேட்ரிக்ஸ் என்ற பள்ளியும் இருந்தது. 1976ல் அயர்லாந்திலிருந்து பாடம் சொல்லித்தர வந்த சகோதரர் கோம் ஓ’கானல், தடகளப் பயிற்சியே பெறாதவர், பையன்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே பயிற்சியாளரானார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அந்தப் பள்ளி மாணவர். பெகோஜியில் பள்ளி ஆசிரியர் செந்தாயெஹு எஷெடு. டெரார்டு துலு, பெக்கெலே, திருனேஷ் டிபாபா மூவரும் அவர் கண்ணில் பட்டு வளர்ந்தவர்கள். மலை எல்லோருக்கும் இருக்கிறது. காலையில் சீக்கிரம் எழுந்து மைதானத்துக்கு வரும் வாத்தியார் எல்லா ஊருக்கும் அமைவதில்லை.

மற்றொரு காரணம் வயிறு. கம்பாலாவில் சீனியர் ஓட்டத்தில் முதல் பரிசு 30,000 டாலர். ஜூனியர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது, பதக்கம் மட்டும்தான். ஆனால் அந்தப் பதக்கத்தைப் பார்க்க ஐரோப்பிய ஏஜென்டுகளும் காலணிக் கம்பெனிக்காரர்களும் வருவார்கள். முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் ஒப்பந்தம் வரலாம். ஐரோப்பாவில் கோடைக்காலப் பந்தயங்களுக்கு அழைப்பு வரலாம். வீட்டுக்குத் தகரக் கூரை போடலாம், மாடு வாங்கலாம், தம்பி தங்கைகளின் பள்ளிக் கட்டணம் கட்டலாம். ஆக, அந்த 8 கி.மீ. ஒரு குடும்பத்துக்கான நேர்முகத் தேர்வு. பையன்களுக்கு அது தெரிந்தே இருக்கிறது. அதனால்தான் கென்யாவின் உள்நாட்டுத் தேர்வு ஓட்டம் உலகப் போட்டியைவிடக் கடினம் என்று சொல்லப்படுகிறது.

சரி, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

1973 முதல் 2024 வரை 45 ஜூனியர் ஆண்கள் ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. இரண்டு முறை வென்றவர்களைக் கழித்தாலும் நாற்பதுக்கும் மேற்பட்ட சாம்பியன்கள். அவர்களில் பின்னாளில் உலக கிராஸ் கன்ட்ரியின் சீனியர் ஆண்கள் தனிநபர் பட்டத்தையும் வென்றவர்கள் நான்கே பேர். பெக்கெலே, கெப்ரெ கெப்ரெமரியம், கம்வொரோர், கிப்லிமோ. மற்றவர்களில் பலர் டிராக்கிலும் சாலையிலும் பெயர் வாங்கினார்கள். பலர் வாங்கவில்லை.

பெக்கெலே 2001ல் ஜூனியர் பட்டம் வென்ற கதை தனி. அந்த ஆண்டு டப்ளினில் நடக்க வேண்டிய போட்டி, கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கு மாற்றப்பட்டது. பாதை முழுக்கச் சேறு. 18 வயது பெக்கெலே சனிக்கிழமை சீனியர்களோடு குறுந்தூர ஓட்டத்தில் இறங்கி வெள்ளி வாங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் ஓட்டத்தில் மற்றவர்களைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டுத் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து 2006 வரை சீனியர் குறுந்தூரம், நெடுந்தூரம் இரண்டையும் தொடர்ந்து ஐந்து முறை அள்ளினார். 2008ல் நெடுந்தூரத்தை இன்னொரு முறை.

ஆனால் பெக்கெலே விதிவிலக்கு. 1992ல் பாஸ்டனில் நடந்த ஜூனியர் ஓட்டத்தில் கென்யாவின் இஸ்மாயில் கிருய் முதல், எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி இரண்டாவது. மறு ஆண்டே ஸ்டுட்கார்ட்டில் 5,000 மீட்டர் உலகப் பட்டத்தையும் 18 வயதில் கிருய் வென்றார். அங்கும் கெப்ரசெலாசிக்கு வெள்ளிதான். 1995ல் கிருய் அந்தப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பிறகு மெல்ல மறைந்தார். கெப்ரசெலாசியோ 10,000 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், மாரத்தான் உலக சாதனை என்று இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு ஓட்ட உலகையே ஆண்டார். உலக கிராஸ் கன்ட்ரி பட்டம் மட்டும் அவருக்கு ஜூனியரிலும் கிடைக்கவில்லை, சீனியரிலும் கிடைக்கவில்லை.

1993லும் 1994லும் தொடர்ந்து இருமுறை ஜூனியர் பட்டம் வென்றவர் கென்யாவின் பிலிப் மோசிமா. 1996ல் 5,000 மீட்டரை 12 நிமிடம் 53.72 விநாடியில் ஓடி ஜூனியர் உலக சாதனையும் வைத்தார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. 1994ல் புடாபெஸ்டில் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த பையனின் பெயர் டேனியல் கோமன். 1996ல் கோமன் 3,000 மீட்டரில் வைத்த 7 நிமிடம் 20.67 விநாடி சாதனையை முறியடிக்க உலகம் 2024 வரை, 28 ஆண்டுகள், காத்திருந்தது.

2003ல் லொசானில் வென்ற 18 வயது எலியுட் கிப்சோகே அதே ஆகஸ்டில் பாரீசில் 5,000 மீட்டர் உலகப் பட்டத்தையும் வென்றார். மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜையும் பெக்கெலேயையும் ஒரே ஓட்டத்தில் முந்தினார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம், ஒரு வெள்ளி. 2012ல் லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. 27 வயதில் முடிந்துபோனவர் என்று ஒதுக்கப்பட்டவர் மாரத்தான் பக்கம் திரும்பினார். 2016, 2021 இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் அதற்குப் பிறகு வந்தவை. ஜூனியர் பட்டத்துக்கும் முதல் ஒலிம்பிக் தங்கத்துக்கும் இடையே 13 ஆண்டுகள்.

எல்லாக் கதைகளும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. 2007ல் மொம்பாசாவில், பெக்கெலே வெளியேறிய அதே நாளில், ஜூனியர் பட்டம் வென்றவர் கென்யாவின் அஸ்பெல் கிப்ரோப். நெடிய உருவம், அலட்டிக்கொள்ளாத ஓட்டம். 1,500 மீட்டரில் மூன்று முறை உலக சாம்பியனானார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கமும், முதலில் வந்தவர் ஊக்கமருந்தால் தகுதி இழந்ததால், அவருக்கு வந்து சேர்ந்தது. 2017ன் இறுதியில் எடுத்த சோதனையில் அவரே இ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தில் சிக்கினார். தான் குற்றமற்றவர் என்று வாதாடினார், எடுபடவில்லை. நான்கு ஆண்டுத் தடை.

இவர்களெல்லாம் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். வளரும் எலும்பின் மேல் பெரியவர்களுக்கான பயிற்சிச் சுமை ஏற்றினால் கணுக்காலும் முழங்காலும் பதில் சொல்லும். ஒரே பருவத்தில் கிராஸ் கன்ட்ரி, டிராக், சாலை ஓட்டம் மூன்றிலும் ஓடிச் சம்பாதிக்கச் சொன்னால் 21 வயதில் உடம்பு காலியாகிவிடும். பள்ளியைப் பாதியில் விட்டவனுக்குத் திரும்பிப் போக வேறு வேலை இருக்காது.

அப்புறம் வயது. ஜூனியர் போட்டி எங்கே நடந்தாலும் கூடவே வரும் முணுமுணுப்பு இது. பிறப்புச் சான்றிதழ் வழக்கமே இல்லாத கிராமங்களில் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியை யார் உறுதி செய்வது? நம் நாட்டுக்கும் இது புரியாத விஷயமல்ல. முதல் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தோராயமாகப் போட்ட மே, ஜூன் பிறந்தநாளோடு ஒரு தலைமுறையே ஓய்வு பெற்றிருக்கிறது. விளையாட்டில் அந்தத் தோராயம் இன்னொருவன் வாய்ப்பைத் தட்டிப் பறிக்கிறது. இந்திய ஜூனியர் போட்டிகளில் இந்தப் புகார் அதிகமாகி, 2010ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிராகத் தேசிய விதிமுறையே கொண்டுவந்தது. மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். அதுவும் ஓரிரு ஆண்டு முன்பின் காட்டக்கூடியது. 19 வயதை 17 என்று சொல்லி ஓடுகிறவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது. நிஜமாகவே 17 வயதானவன் தனக்குத் திறமை போதாதென்று நினைத்து வீட்டுக்குப் போகிறான். மோசடியின் பெரிய நஷ்டம் அங்கேதான்.

இந்தியா இந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது? தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டி உண்டு. அதில் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவும் உண்டு. ராணுவப் பிரிவுகளில் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ரெஜிமென்டின் கௌரவம். சில மலைவாசஸ்தல உறைவிடப் பள்ளிகளில் அது ஆண்டுச் சடங்கு. உயரத்துக்கும் பஞ்சமில்லை. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்குத் தேசிய நெடுந்தூர ஓட்ட வீரர்கள் பயிற்சிக்கு வந்துபோகிறார்கள். கொலோலோ ஓட்டம் நடந்த அதே 2017ல், புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜி. லட்சுமணன். 2025ல் தென் கொரியாவின் குமியில் அதே இரட்டைத் தங்கத்தை வென்றவர் உத்தரப் பிரதேசத்தின் குல்வீர் சிங். இருவரும் ராணுவத்தினர். இருவரும் அந்த உயரத்தை எட்டியபோது 25 வயதைத் தாண்டியிருந்தார்கள்.

அதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு ராணுவச் சீருடைதான் சோறும் காலணியும் பயிற்சியாளரும் கொடுக்கிறது. அது கிடைப்பதற்கு முன்பான 15 முதல் 19 வரையிலான ஆண்டுகளில் அவனை யாரும் பார்ப்பதில்லை. உலக கிராஸ் கன்ட்ரி பெரும்பாலும் நடந்துவந்தது மார்ச் மாதத்தில். இங்கே மார்ச் என்றால் பிளஸ் டூ பரீட்சை. எந்தப் பெற்றோர் அந்த நேரத்தில் பையனைச் சேற்றில் ஓட அனுப்புவார்கள்? கென்யப் பையனுக்கு ஓட்டம்தான் பரீட்சை. நம் பையனுக்குப் பரீட்சையே ஓட்டம். இரண்டிலும் தோற்பவர்களுக்கு மாற்றுவழி குறைவு என்பதுதான் ஒற்றுமை.

இதனால் ஒரு நன்மையும் இல்லாமலில்லை. 16 வயதில் உலகச் சந்தைக்கு வராத உடம்பு 26 வயதில் தேய்ந்துபோயிருக்காது. ஆனால் தாமதமாக மலர்வது வேறு, தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது வேறு. கிப்லிமோவுக்கு 15 வயதில் ஒலிம்பிக் வாசலைக் காட்டிய உகாண்டா, பணக்கார நாடல்ல. மலைச் சரிவில் ஓடுகிற பையனைக் கவனித்து, அவனை அவசரப்படுத்தாமல் வளர்க்கக் கற்றுக்கொண்ட நாடு.

அவசரப்படுத்தாததன் பலன் பிறகு தெரிந்தது. 2019 மார்ச்சில் ஆர்ஹஸ் அருங்காட்சியகக் கூரையில் ஏறி இறங்கிய சீனியர் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர், கொலோலோவில் தள்ளாடிய அதே செப்டெகெய். நான்கு விநாடி பின்னால் வெள்ளி வாங்கியவர் 18 வயது கிப்லிமோ; அவர் ஜூனியர் பிரிவிலேயே ஓடியிருக்கலாம். மூன்றாவது இடம் கம்வொரோருக்கு. 2020ல் செப்டெகெய் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை படைத்தார். டோக்கியோவில் 5,000 மீட்டரிலும் 2024 பாரீசில் 10,000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 2023ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் வரிசை மாறியது. கிப்லிமோ முதல், செப்டெகெய் மூன்றாவது. 2024ல் பெல்கிரேடில் மீண்டும் கிப்லிமோ.

கொலோலோவில் அன்று தங்கத்தோடு திரும்பிய 16 வயதுப் பையனுக்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் சீனியர் பட்டம் கிடைத்தது. 30வதாக வந்த இளைஞருக்கு இரண்டே ஆண்டில். ஜூனியர் பட்டியலில் பெயர் தேடும் ஏஜென்டுகளும் சங்க அதிகாரிகளும் முதல் மூன்று வரிகளோடு தாளை மடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1994ல் புடாபெஸ்டில் இரண்டாவது வரியில் கோமன் இருந்தார். கம்பாலாவில் முப்பதாவது வரியில் செப்டெகெய் இருந்தார். அன்று அவர் பாதையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உட்காரவில்லை.